அருளம்பலத்தாரின் ஒரு மணித்தியாலம்

அருளம்பலத்தாரின் மூக்கில் ஈ இருந்தது. மணி நாலு முப்பத்தெட்டு. இன்னும் இருபத்திரண்டு நிமிடம் கிடந்தது.

விறாந்தையில் பத்துப் பேர் பாயில் சம்மணம் கட்டிக் கண்ணை மூடியிருந்தார்கள். பதினோராவது ஆள் அருளம்பலத்தார். அவருடைய கண் மட்டும் திறந்திருந்தது. சட்டைப்பையிலிருந்து எடுத்து எதிரே விரித்த லேஞ்சியில் அவருடைய கைமணிக்கூடும், உடைத்து விற்ற ஏதோ ஒரு இழுவைப்படகின் சின்ன வெண்கல மணியும் இருந்தன. ஐந்து மணிக்கு அதை மூன்று தரம் தட்டவேண்டும். தட்டினால் பத்துப் பேரும் எங்கேயோ நல்ல ஊருக்குப் போய் வந்தவர்கள் போல மெல்லக் கண்ணைத் திறந்து, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து, தேத்தண்ணி குடிப்பார்கள். அருளம்பலத்தாரும் குடிப்பார். ஆனால் அவர் எந்த ஊருக்கும் போய் வந்ததில்லை. இரண்டு வருடமாக அந்த லேஞ்சியடியிலேயே இருந்தார்.

ஈ மூக்கிலிருந்து நெற்றிக்கு ஏறியது. கையை வீசினால் சத்தம் வரும், பத்துப் பேரின் தியானம் கெடும். அவர் ஈயைப் பொறுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஓய்வுபெற்ற அப்போதிக்கரி கனகசுந்தரம் தன் வீட்டில் நடத்திய தியான வட்டம் அது. திருகோணமலைக் கோட்டைக்குப் பக்கத்து ஒழுங்கையில் வீடு. ஞாயிற்றுக்கிழமையை வேலை நாளாக்கி, நிலவுக் கணக்கில் வாரம் ஒருமுறை வரும் போயா நாளை விடுமுறையாக்கி அரசாங்கம் வைத்திருந்த காலம் அது, அறுபத்தொன்பதாம் ஆண்டு. ஆகவே வட்டம் போயாவுக்குப் போயா கூடியது.

அருளம்பலத்தார் இங்கே வந்ததற்குக் காரணம் அவருடைய கோபம். துறைமுக அலுவலகத்தில் அவர் டைம் கீப்பர். இருபத்தாறு வருடச் சேவை. ஒருநாள் எட்டு நிமிடம் பிந்தி வந்த தொழிலாளி ஒருவன், “சூரியன்தான் ஐயா முந்தி வந்திட்டுது” என்று சொல்ல, அவர் வரவுப் புத்தகத்தைத் தூக்கி எறிந்தார். அவன் குனிந்துவிட்டான். புத்தகம் சன்னலால் போய்க் கடலில் விழுந்தது. மூன்று மாதத்து வரவு மீன்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று பின்னேரமே மனைவி கமலாதேவி அவரைக் கையோடு பிடித்து அப்போதிக்கரியிடம் கூட்டி வந்தாள். கனகசுந்தரம் பிரஷரைப் பார்த்து, குளிசை கொடுத்து, போயாவுக்குப் போயா வந்து எங்களோடு கொஞ்சம் இருங்கோ என்றார்.

வந்த முதல் நாளே யாரோ, “நேரம் பாக்கிறவரே வந்திட்டார், இனி எங்களுக்கு என்ன கவலை” என்று மணியைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டார்கள். கலியாணத்துக்கு விருந்தாளியாக வந்த சமையற்காரனை அடுப்படிக்கு அனுப்பின கதைதான். புதிதாக வந்தவர் எப்படி மறுப்பது? அன்று தொட்ட மணியை இன்றுவரை விட முடியவில்லை.

இரண்டு வருடத்தில் அவருடைய சத்தம் குறைந்துபோனது உண்மை. மீன்காரன் இப்போது பயப்படாமல் வாசல் படலையடிக்கு வருகிறான் என்று கமலாதேவி ஊரெல்லாம் சொன்னாள். அது குளிசையின் வேலை என்று அருளம்பலத்தார் நினைத்தார். ஏனென்றால், தியானம் என்ற ஒன்றை அவர் ஐந்து நிமிடம்கூடச் செய்ததில்லை.

வீட்டில் செய்து பார்க்காமலில்லை. கண்ணை மூடி மூன்றாவது நிமிடத்தில் குசினிக் குழாய் சொட்டுவது கேட்கும். எழும்பிப் போய்ப் பூட்டுவார். திரும்பி வந்து இருந்தால் அலுமாரிக் கதவு ஆடும். நாலு பேரோடு சேர்ந்து இருந்தால்தான் அவரால் ஓரிடத்தில் இருக்க முடிந்தது. அங்கேயோ கையில் மணி.

இந்த நிலையில்தான் இடமாற்றக் கடிதம் வந்தது. ஐப்பசி முதலாம் திகதி காங்கேசன்துறைத் துறைமுகத்தில் வேலையைப் பாரமெடுக்க வேண்டும். அங்கே சீமெந்தும் உப்புக் காற்றும் இருந்தன. தியான வட்டம் இருப்பதாக யாரும் சொல்லவில்லை. மிச்சம் இருப்பது இரண்டு போயாவும், வட்டம் வருடத்துக்கொரு முறை ஊருக்கு வெளியே போய் மூன்று நாள் சேர்ந்திருக்கும் இருப்பும். அதற்குள் ஒரு மணித்தியாலம். ஒரேயொரு மணித்தியாலம் கண்ணை மூடி, இவர்களில் ஒருவராக இருந்துவிட வேண்டும். இங்கே கிடைக்காவிட்டால் இனி ஆயுளில் கிடைக்காது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

மணி ஐந்து. மூன்று தரம் தட்டினார். தேத்தண்ணி வந்ததும் விஷயத்தைச் சொன்னார். இடமாற்றத்தைச் சொன்னார், ஆசையைச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. மணியை இனி வேறு யாராவது பார்த்தால் நல்லது என்று மட்டும் சொன்னார்.

பூனைக்கு மணி கட்ட ஆள் தேடின மாதிரி எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர் தம்பிராசா தனக்குக் கண்ணாடி போடாமல் முள் தெரியாது என்றார். கண்ணாடி அவர் மூக்கிலேயே இருந்தது. ‘மிஸி’ என்று எல்லோரும் கூப்பிடும் மருத்துவமாது பாக்கியரத்தினம், கையில் மணிக்கூடு இருந்தால் தனக்கு நாடி பார்க்கத்தான் வரும் என்றார். அப்போதிக்கரி தாடியைத் தடவிக்கொண்டு, “ஆளே வேண்டாம். ஒரு அலாரம் மணிக்கூடு வைச்சால் போச்சு” என்றார்.

அடுத்த போயாவுக்கு அருளம்பலத்தார் கமலாதேவியின் அலாரம் மணிக்கூட்டை ஐந்து மணிக்குத் திருகி, துவாயில் சுற்றி எடுத்து வந்தார். விறாந்தை மூலையில் வைத்தார். வாழ்க்கையில் முதல் தரமாக வட்டத்தில் கண்ணை மூடினார்.

அந்த மணிக்கூடு டிக் டிக் என்று சொல்லும் சாதியல்ல. டக் டக் என்று சொல்லும். பதினொரு பேரும் அது எப்போது அலறப்போகிறதோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். நாலு இருபதுக்கு அது அலறியது. துவாயில் சுற்றும்போது திருகாணி திரும்பியிருக்க வேண்டும். தம்பிராசா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மிஸி பாக்கியரத்தினம் எழும்பி, பையைத் தூக்கி, செருப்பை மாட்டி, “தண்ணியைக் கொதிக்க வையுங்கோ” என்று சொல்லியபடி படலையைத் தாண்டிப் போய்விட்டார். அவருக்கு மணிச் சத்தம் கேட்டால் பிரசவம்தான். பழைய வாடியடிச் சந்தி மட்டும் போய், எந்த வீட்டுக்குப் போகிறோம் என்று தெரியாமல் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

“அலாரம் வேண்டாம்” என்று அப்போதிக்கரி மெதுவாகச் சொன்னார்.

அடுத்த வழியை அருளம்பலத்தாரே கண்டுபிடித்தார். பின்னேரம் இருப்பதை விட்டுக் காலை பதினொரு மணிக்கு இருந்தால், பன்னிரண்டு மணிக்குத் துறைமுகச் சங்கு ஊதும். ஊர் முழுக்கக் கேட்கும். ஆளும் வேண்டாம், மணியும் வேண்டாம். இவ்வளவு சுலபமான ஒன்று இரண்டு வருடமாகத் தன் மூளையில் படாமல் போனதே என்று வருந்தினார்.

அடுத்த போயா, பதினொரு மணிக்கு எல்லோரும் கண்ணை மூடினார்கள். அருளம்பலத்தாரும் மூடினார். மூச்சைப் பார்த்தார். நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில், இனிச் சங்கு ஊதும் என்று தோன்றியது. ஊதவில்லை. தனக்குத்தான் அவசரம் என்று தன்னைக் கண்டித்துக்கொண்டார். பிறகும் ஊதவில்லை. காலில் எறும்பு ஊர்ந்தது, பிறகு கால் இருப்பதே தெரியாமல் போனது. கண்ணைத் திறந்து பார்க்க ஆசைதான். ஆனால் முதலில் திறந்தவன் என்ற பெயர் யாருக்கு வேண்டும்? பதினொரு பேரும் இதே யோசனையில் இருந்தார்கள் என்பது பிறகு தெரிய வந்தது.

வட்டத்தைக் கலைத்தது, கோட்டைக்குள் கூட்டமாகத் திரியும் மான்களில் ஒன்று. திறந்திருந்த படலையால் அது உள்ளே வந்து, தேத்தண்ணிக்கு வைத்திருந்த கப்பல் வாழைப்பழச் சீப்பை முடித்துவிட்டு, தம்பிராசாவின் சால்வையைத் தின்ன ஆரம்பித்தது. சால்வை கழுத்திலிருந்து இழுபடுவதை அவர் முதலில் தியான அனுபவம் என்று நினைத்தாராம். பிறகு அவர் போட்ட சத்தத்தில் மான் ஓடியது, எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். மணி ஒன்று பத்து. அப்போதிக்கரியின் கால்கள் நீட்டுப்படவில்லை. இருந்த கோலத்திலேயே இரண்டு பேர் தூக்கிச் சாய்மனைக் கதிரையில் வைத்தார்கள்.

“ஏன் சங்கு ஊதேல்லை?” என்று அவர் கதிரையிலிருந்து கேட்டார்.

அருளம்பலத்தாருக்கு அப்போதுதான் விளங்கியது. போயாவில் சங்கு ஊதாது. விடுமுறை நாட்களின் பட்டியலைத் தன் கையால் எழுதிச் சங்கு ஊதுகிறவனிடம் இருபத்தாறு வருடமாகக் கொடுத்து வந்தவர் அவர்தான். ஆசை வந்தால் அறிவு ஒதுங்கி நிற்கும் என்பது இதுதான்.

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். கமலாதேவி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். “இஞ்சேருங்கோ, அந்த மூண்டு நாளும் இருக்குத்தானே. போய் ஆசை தீர இருந்திட்டு வாங்கோ” என்றாள்.

மூன்று நாள் இருப்புக்குத் திரியாய்க்கு இப்பால் கடற்கரையோரம் ஒரு தென்னந்தோட்டத்து வீடு கிடைத்தது. கிண்ணியா வியாபாரி ஒருவரின் தோட்டம். புல்மோட்டை பஸ் வாசலில் இறக்கிவிட்டது. தோட்டம் பார்க்கும் தாஹிர் நானாதான் சமையலும். தம்பிராசா புதுச் சட்டி பானை கொண்டுவந்திருந்தார், மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். “கடல் இந்தா முன்னுக்கே கிடக்கு. அதப் பாத்துக்கிட்டுப் பருப்பா தின்னப் போறீங்க?” என்று தாஹிர் உண்மையான கவலையோடு கேட்டார்.

முதல் நாள் பின்னேரத்துக்குத் தம்பிராசாவிடம் ஒரு வழி இருந்தது. ஊதுபத்தி. சங்கக்கடையில் வந்திருந்த புதுச் சாதி, ஒன்று சரியாக ஒரு மணித்தியாலம் எரியும், கடையில் கொளுத்திப் பார்த்தவராம். மணம் நின்றால் எழும்பலாம். சத்தமில்லை, சண்டையில்லை. எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அருளம்பலத்தார் நன்றியோடு கண்ணை மூடினார்.

சங்கக்கடைக்குள் கடற்காற்று அடிப்பதில்லை என்பதைத் தம்பிராசா யோசிக்கவில்லை. சன்னலோரம் இருந்தவர்களுக்கு மணம் முதலிலிருந்தே வரவில்லை. அவர்கள் நாலாவது நிமிடத்தில் எழும்பிவிட்டார்கள். நடுவில் இருந்தவர்களுக்கு மணம் வருவதும் போவதுமாக இருந்தது. அவர்கள் எழும்புவதும் இருப்பதுமாக இருந்தார்கள். குச்சி பதினைந்து நிமிடத்தில் எரிந்து முடிந்தது. ஆனால் மிஸிக்குத் தடிமன். மூக்கு அடைத்திருந்தது. மணம் எப்போது நின்றதென்று தெரியாமல் அவர் தனியே இருட்டுப்படும் மட்டும் இருந்தார். தொட்டு எழுப்பப் பயந்து எல்லோரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் நாள் முறை வைத்தார்கள். ஆளுக்கொரு இருப்பு, ஆளாளுக்குத் தங்கள் மணிக்கூட்டைப் பார்த்து மணியடிப்பது. காலையில் அப்போதிக்கரி. முப்பது வருடப் பழக்கம். மணியை மடியில் வைத்ததும் அவர் கண் தானாக மூடிக்கொண்டது. சாப்பாட்டு நேரம் தாண்டியும் மணி வரவில்லை. பின்னேரம் தம்பிராசா. அவருக்குத் தன் கால் வலிப்பதுதான் ஒரு மணித்தியாலம். இருபதாவது நிமிடத்தில் அடித்துவிட்டு, பார்வை பிசகிவிட்டது என்றார். இதற்கிடையில் அடிப்பாரோ மாட்டாரோ என்று எல்லோரும் மாறி மாறி ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்க்கப் பழகிவிட்டார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. ஒருவர் தியானம் செய்யவென்று தொடங்கிய காரியத்தில் பதினொரு பேருக்கும் தியானம் இல்லாமல் போனது.

மூன்றாம் நாள் காலை அருளம்பலத்தார் குசினிக்குப் போனார். தியானத்தில் இல்லாத ஒரே ஆள் தாஹிர்தான். இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். தன் கைமணிக்கூட்டைக் கழற்றிக் கொடுத்து, பெரிய முள் எங்கே வந்தால் அடிக்கவேண்டும் என்று காட்டினார். தாஹிர் அதை வாங்கிச் சாரத்து மடியில் செருகிக்கொண்டார். மணியைக் கொண்டுபோய் அகப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

பத்து மணிக்கு எல்லோரும் கண்ணை மூடினார்கள். நல்ல அமைதி. கடல் கூட இரைச்சலைக் குறைத்த மாதிரி இருந்தது. அருளம்பலத்தாரின் மூச்சு மெல்ல மெல்ல அடங்கி, நெற்றிக்குள் ஏதோ வெளிச்சமாவது போல இருந்தபோது மணி கணகணவென்று அடித்தது. இருபத்தைந்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

“என்ன நானா இது?” என்று அப்போதிக்கரி கேட்டார்.

“சோறு இறக்கிட்டன்” என்றார் தாஹிர். “ஆறினா ருசி இல்ல ஐயா. தியானம் ஆறாதுதானே?”

அப்போதிக்கரி மணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பத்தரை மணிக்கு எல்லோரும் மத்தியானச் சோறு சாப்பிட்டார்கள். ருசியாகத்தான் இருந்தது.

சாப்பிட்ட பிறகு தென்னை நிழலில் பாயைப் போட்டுக் கிடந்தார்கள். இனிப் பின்னேரம் ஒரேயொரு இருப்பு, பிறகு ஐந்தரை பஸ். தம்பிராசா ஓலையைப் பார்த்துக்கொண்டு, யாரையும் குறிப்பிடாமல் சொன்னார்:

“வருசத்தில ஒருக்காத்தான் இது. இந்த முறை ஒண்டும் சரிவரேல்லை. பழையபடி விட்டிருக்கலாம்.”

அருளம்பலத்தாருக்குத் தலைக்குள் சுர்ரென்று ஏறியது. எழும்பி நின்றார். இரண்டு வருடத்துக்கு முந்திய அருளம்பலத்தார் என்றால் எறிவதற்கு ஏதாவது தேடியிருப்பார். இவர் வாயைத் திறந்தார். சத்தமாக வரவேண்டியது மெதுவாக வந்தது.

“ரெண்டு வருசம் உங்களோட இருந்தனான். ஒரு மணித்தியாலம் கண்ணை மூடினதில்லை. நீங்கள் எல்லாரும் எங்கையோ போய் வாறியள், நான் வாசல் காத்தனான். வீட்டில தனிய இருந்து பாத்தன், ஏலாது. அங்க போனால் உங்களைப் போல ஆக்கள் கிடையாது. ஒருக்கா, ஒரேயொருக்கா உங்களுக்குள்ள ஒராளாக் கண்ணை மூடியிருக்க ஆசைப்பட்டன். அது பிழையெண்டால் மன்னியுங்கோ.”

சொல்லிவிட்டு அவர் இருந்துவிட்டார். தம்பிராசாவின் முகம் சின்னதாகப் போனது. தனக்குக் கண்ணாடியோடு முள் நன்றாகவே தெரியும் என்று அவர் அப்போது ஒப்புக்கொண்டார்.

மிஸி மூக்கைத் துடைத்துக்கொண்டார். தடிமனா, வேறா என்று சொல்ல முடியாது.

“ஐயா, இந்த ஊரில எத்தினை வீட்டில நான் முழிச்சிருந்திருப்பன் எண்டு எனக்கே கணக்கில்லை. படுத்தாலும் ஒரு காது படலையடியிலதான் கிடக்கும். போயா நாளில அந்த ஒரு மணித்தியாலம் மட்டும்தான் நான் காதையும் மூடிறனான். ஏனெண்டால் நீங்கள் முழிச்சிருக்கிறியள். எனக்காக முழிச்சிருந்தது நீங்கள் ஒராள்தான்.”

அருளம்பலத்தார் அவரைப் பார்த்தார். தன் இரண்டு பெண் பிள்ளைகளையும் இந்த உலகத்துக்கு எடுத்துத் தந்த மனுசி.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மணி வேண்டாம் என்று ஓடின பத்துப் பேரும் இப்போது மணிக்குச் சண்டை பிடித்தார்கள். பின்னேர இருப்புக்குத் தானே பார்ப்பேன், கண்ணிமை மூட மாட்டேன் என்று தம்பிராசா சத்தியம் பண்ணினார். கண்ணுக்குக் குச்சி வைத்தாவது திறந்திருப்பேன் என்றார் அப்போதிக்கரி. மிஸி மணியை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். நீங்கள் போய் நடுவில் இருங்கோ ஐயா, நாங்கள் பார்க்கிறோம் என்று எல்லோரும் அவரைப் பிடித்துத் தள்ளாத குறை.

அருளம்பலத்தாருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. கோபத்தைக் குறைக்க வந்த இடத்தில் இப்படிப் பத்துப் பேர் கிடைத்ததே போதும், இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு எதற்குத் தியானம் என்று தோன்றியது. அவர் மிஸியின் முன்னால் கையை நீட்டினார்.

“மணியைத் தாங்கோ. இண்டைக்கு நான்தான் பாக்கப்போறன். சொல்லி வைச்ச வேலையா இல்லை, மனம் விரும்பி. நீங்கள் எல்லாரும் நிம்மதியாக் கண்ணை மூடுங்கோ.”

எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. கடைசியில் மிஸி மணியைக் கொடுத்தார்.

நாலு மணிக்கு எல்லோரும் கடலைப் பார்த்த விறாந்தையில் இருந்தார்கள். அருளம்பலத்தார் வழக்கம்போல எல்லோருக்கும் எதிரே லேஞ்சியை விரித்து மணியை வைத்தார். பத்துப் பேரும் கண்ணை மூடினார்கள். இந்த முறை ஒருவரும் ஒற்றைக் கண்ணைத் திறக்கவில்லை. அருளம்பலத்தார் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும்.

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இத்தனை நாள் எதிரே இருந்த முகங்களை இப்படி ஆறுதலாகப் பார்த்ததில்லை. அப்போதிக்கரி, குளிசையோடு சேர்த்து இந்தப் பாயையும் கொடுத்தவர். தம்பிராசா, கமலாதேவிக்கு வயிற்று வலி வந்தபோது சங்கக்கடை லொறியைத் தானே ஓட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். ஓட்டத் தெரியாமலே ஓட்டினார் என்பது வேறு விஷயம். மிஸி. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், அவருக்கும் பக்கத்தில் இருந்தவர். ஒவ்வொருவருக்கும் மனத்துக்குள் நன்றி சொன்னார். சொல்லி முடிந்த பிறகு நினைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. பத்துப் பேரின் மூச்சு ஏறி இறங்கியது. அப்பால் கடல் ஏறி இறங்கியது. தென்னோலை ஆடியது. ஈ ஒன்று வந்து கையில் இருந்துவிட்டுத் தன்பாட்டில் போயிற்று.

பிறகு நேரமாயிற்று. அவர் மணியை எடுத்து மூன்று தரம் தட்டினார்.

கண்களைத் திறந்தவர்கள் உடனே எழும்பவில்லை. தம்பிராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். முப்பது வருடத்தில் இப்படி ஒரு இருப்புத் தனக்கு வாய்க்கவில்லை என்று அப்போதிக்கரி சொன்னார்; கால்களும் தாமாகவே நீண்டன. மிஸி எழும்பி வந்து அருளம்பலத்தாரைக் கைகூப்பிக் கும்பிட்டார். அவர் பதறிப்போய்த் திருப்பிக் கும்பிட்டார்.

பஸ்ஸுக்கு நேரம் கிட்டியது. பாய்களைச் சுருட்டினார்கள், சட்டி பானைகளைக் கட்டினார்கள். அப்போதிக்கரி வெண்கல மணியை அருளம்பலத்தாரின் பையில் வைத்தார். காங்கேசன்துறையிலும் கண்ணை மூட விரும்புகிற நாலு பேர் இருப்பார்கள், அவர்களுக்கு நீங்கள் கண்ணைத் திறந்து வைத்திருக்கலாம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அருளம்பலத்தாரும் சிரித்தார், சிரிக்கும்போது கண் கலங்கியது.

பையைத் தூக்கிக்கொண்டு அவர் குசினிப் பக்கம் போய்த் தாஹிரிடம் விடை சொன்னார்.

“மூண்டு நாளும் நல்ல சாப்பாடு தந்தனீங்கள் நானா, சந்தோசம். நான் தேடி வந்த அந்த ஒரு மணித்தியாலம்தான் எனக்குக் கிடைக்கேல்லை. ஆனால் மனத்தில ஒரு குறையும் இல்லை.”

ரோட்டில் பஸ்ஸின் ஹோர்ன் சத்தம் கேட்டது. தாஹிர் அவசரமாகச் சாரத்து மடியை அவிழ்த்தார்.

“நில்லுங்க ஐயா, காலமை நீங்க தந்த மணிக்கூடு இன்னும் என்னட்டத்தான் கிடக்கு. பின்னேரம் நீங்க இருக்கத் தொடங்கக்குள்ளயும் மணி அடிக்கக்குள்ளயும் எடுத்துப் பாத்தன், ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு நிமிசம் பிசகல்ல. நீங்க எதப் பாத்து அடிச்சீங்க?”